தலைக்கவசத்தில் நிறக் கண்ணாடி பொருத்துதல்

பள்ளி விழாக்களின் மாறுவேடப் போட்டியில் விண்வெளி வீரனாகத் தோன்றும் சிறுவனுக்குத் தலைக்கவசம் செய்வோர், முகப்பில் கருமையான அல்லது பொன்னிறமான ஒளிபுகும் தகடு ஒன்றை ஒட்டுவது வழக்கம். அதன் பயன், அணிந்தவன் முகத்தை மறைத்துக் காண்போர் கண்ணைக் கவர்வதேயாகும். அவன் வெளிச்சமான மேடையில் பத்தடி நடந்தால் போதும். அவனுக்கு வெளியே யாது தெரிகிறது என்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. இதே ரசனை இந்நாளில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்திற்கும் வந்துவிட்டது. கீறலுற்ற தெளிந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புகைநிறத்திலோ வானவில்லைப் போல் மின்னும் பூச்சுடனோ வேறொன்றை மாட்டிக்கொள்ளுகின்றனர். ஆனால் சாலையிலோ காண வேண்டியவன் அணிந்திருப்பவனே.

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சின்னக்கானல் வழியாக மூணாறு செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். தேசிய நெடுஞ்சாலையின் பகுதி இது. ஏலத் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் வேலை செய்வோர் பலர் இதில் இருசக்கர வாகனங்களில் போய் வருகின்றனர். மூடுபனி திடீரென்று இறங்கும், வளைவுகள் மிகுதி. இவையன்றி, யானைகள் சாலையைக் கடக்கும் இடமும் இதுவே. யானைகள் நீரருந்த இறங்கும் இடமென்பது ஆனையிறங்கல் என்ற பெயரிலேயே அமைந்துள்ளது. அரிசிக்கொம்பன் எனப்பட்ட ஆண் யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசியிட்டுப் பிடித்துப் பெரியாறு வனப்பகுதிக்குக் கொண்டுசென்றதைப் பலரும் அறிவர். அதன் பின்னரும் இங்கு யானைகளின் நடமாட்டம் நின்றுவிடவில்லை. சாம்பல் நிற யானை, சாம்பல் நிறப் பனியில், அந்திப்பொழுதில் நிற்குமாயின், அதனை இருபது கஜத்திற்கு முன்னரே காண்பதும் காணாமற் போவதும் கண்ணுக்குள் நுழையும் ஒளியின் அளவைப் பொறுத்தன.

அவ்வளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தெளிந்த பாலிகார்பனேட் தகடு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பங்கை உட்செலுத்தும். எஞ்சியதில் பெரும்பகுதி அதன் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பிவிடும். கருமையான தகடு நூற்றுக்கு 20 பங்கையே விடுவதாகக் கொள்வோம். அதற்குள் அதே அளவு ஒளிவிடும் கறுப்புக் கண்ணாடியையும் ஒருவர் அணிந்திருப்பின், கண்ணைச் சேருவது இருபதில் ஐந்திலொன்று, அதாவது நூற்றுக்கு 4 பங்கு மட்டுமே. நண்பகல் வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் அளவு ஒளி தருவதால் இந்த இழப்பு அப்போது புலப்படாது, இதமாகக்கூட இருக்கும். சூரியன் மறைந்து அரைமணி நேரத்திற்குள் வெளிச்சம் ஒருசில லக்ஸ் அளவிற்கு இறங்கிவிடுகிறது. அவ்வேளையில் விழித்திரையிலுள்ள கூம்பு வடிவ உயிரணுக்கள் தளர, கோல் வடிவ உயிரணுக்கள் வேலையை ஏற்கின்றன. அவை முழுத் திறமை பெற 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒளி போதாத அந்த இடைவேளையில் நிறக் கண்ணாடி மேலும் ஒளியைப் பறிக்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறார். தடையை ஒன்றரை வினாடி தாமதித்து உணர்ந்தால், பிரேக்கைத் தொடுமுன்னரே 15 மீட்டர் போய்விடும்.

இக்காரணம் பற்றியே, பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 22ஆம் விதி, நூற்றுக்கு 80 பங்கிற்குக் குறைவாக ஒளிவிடும் முகக் கண்ணாடிகளில் 'பகலில் மட்டும்' எனப் பொறித்தல் வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் மோட்டார் வண்டிகளின் முன்பக்கக் கண்ணாடி நூற்றுக்கு 70 பங்கேனும் ஒளிவிட வேண்டும் எனக் கூறுகின்றன.

மஞ்சள் நிறக் கண்ணாடி பனியை ஊடுருவிக் காட்டும் என்று கடைக்காரர் சிலர் சொல்வதுண்டு. இதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை. ஒளியலையின் நீளத்தைவிட மிகச் சிறிய துகள்களே நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பவை. வானம் நீலமாயிருப்பது அதனால்தான். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பவை. பனி வெண்மையாகத் தோன்றுவதே அதற்குச் சான்று. மஞ்சள் தகடு பார்வைக்குத் தெளிவு போன்ற ஓர் உணர்வைத் தரலாம். தொலைவில் உள்ளதைக் கூடுதலாகக் காட்டாது.

இனி, பொருத்தும் முறை. பழைய கண்ணாடி கீறலுற்றிருந்தால் மாற்றுவது நன்றே. எதிர்வரும் விளக்கொளி ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறும். தலைக்கவசத்தின் உட்புறத்தில் ஒட்டியுள்ள சீட்டில் தயாரிப்பாளரின் பெயரும் மாதிரிப் பெயரும் இருக்கும். அதே மாதிரிக்குரிய கண்ணாடியையே வாங்க வேண்டும். கண்ணாடியை முழுவதும் மேலே தூக்கினால், இருபுறமும் பற்சக்கரமும் சிறு பூட்டும் தென்படும். பூட்டை அழுத்தி ஒரு பக்கத்தை விடுவித்தபின் மறு பக்கத்தை எடுக்கலாம். சிலவற்றில் திருகாணி இருக்கும். புதியதன் இரு முகங்களிலும் ஒட்டியுள்ள மெல்லிய காப்புத் தாளை உரித்துவிட வேண்டும். அதனுடனேயே மங்கலாக ஓட்டிச் செல்வோரும் உளர்! இரு பக்கப் பற்களும் ஒரே படியில் அமராவிடில் கண்ணாடி கோணலாக இறங்கும். மூடியபின் ரப்பர் விளிம்பு முழுதும் படிகிறதா என நோக்குக. வலக்கை ஆக்ஸிலரேட்டரை விட இயலாதாகையால், இடக்கையால் மட்டும் அதனை உயர்த்த முடிகிறதா என்பதையும் நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும்.

தெளிந்த கண்ணாடியின்மேல் கரிய ஒட்டுத்தாள் ஒட்டுவது இதைவிடக் கெட்ட முறை. வளைபரப்பில் அது சுருங்கி உருவங்களைக் கோணச் செய்யும்; சிலவகைப் பசையிலுள்ள கரைப்பான் பாலிகார்பனேட்டை நுண்ணிய வெடிப்புறச் செய்யும்.

மலைக்குளிரில் மூச்சின் ஈரம் உட்புறம் படிந்து மங்கச் செய்வது தனித் தொல்லை. இடையில் காற்று நிற்குமாறு உள்ளே மற்றொரு மெல்லிய தகடு பதித்தால், உட்பரப்பு அவ்வளவு குளிராது. ஈரமும் எளிதில் படியாது. நிறக் கண்ணாடியை விரும்புவோர் வெயில் நேரத்திற்கு அதனை வைத்துக்கொண்டு, தெளிந்த ஒன்றைத் துணியிற் சுற்றிப் பையில் எடுத்துச் செல்லலாம். பழகிய கைக்கு மாற்ற இரண்டு நிமிடம் போதும். தூய்மை செய்ய நீரும் சிறிது சோப்பும் போதுமானவை. பெட்ரோலும் தின்னரும் அறவே ஆகா.