பழைய வீடுகளும் கசியும் காற்றுக் குழாய்களும்



சுவரையும் கூரையையும் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, காற்று எவ்வழியாக வந்து எவ்வழியாகப் போகின்றது என்பதைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. நம் முன்னோர் அப்படியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் திறந்து விடப்பட்டதன்று. சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேறுவதற்கு அமைந்த வாயில் அது. களுபோவில, தெகிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளில் இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எஞ்சி நிற்கும் பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்கள். கதவு நிலைக்கு மேலே மரச்சட்டப் பின்னல், சுவரின் உச்சியிலே துவாரங்கள், குசினியிலே புகைக்கூடு. இவை யாவும் காற்றுக்கென்றே ஒதுக்கப்பட்ட வழிகள்.

குளிர்நாடுகளில் இவ்வழி வேறு. அங்கே வீட்டை இறுக மூடிவிட்டு, தகரக் குழாய்களின் மூலம் சூடான காற்றை அறைதோறும் அனுப்புகின்றனர். அக்குழாய்கள் கசிந்தால் என்ன நேரும், அவற்றை எங்ஙனம் செப்பனிடுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கொழும்பில் இருப்போர்க்கு இது எதற்கு என்று சிலர் வினவலாம். 1983ஆம் ஆண்டிற்குப் பின் ரொறன்ரோவுக்கும் அதன் கிழக்கே உள்ள ஸ்காபரோவுக்கும் நம்மவர் எத்தனை ஆயிரம் பேர் சென்று குடியேறினர்! என் தங்கையின் குடும்பமும் அங்கேதான். நம் உறவினர் பலர் வாழும் ஸ்காபரோ வீடுகளுள் கணிசமானவை 1950களிலும் 1960களிலும் எழுந்தவை. ஆகவே, பழைய வீட்டின் குழாய்க் கசிவு அவர்களுக்கு அன்றாடப் பிரச்சினை. தொலைபேசியில் நலம் விசாரிக்கும் வேளையில் இச்செய்தியையும் அவர்களுக்குச் சொல்லலாம். அதுவுமன்றி, இதன் அடிப்படை நமது குசினியிலேயே இருக்கின்றது.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சமையல் எரிவாயு கிடைக்காமற் போகவே, கொழும்பு நகர்ப் புறங்களிலும் விறகடுப்புகள் மீண்டும் தோன்றின. எங்கள் பகுதியில் பழைய வீட்டுக்காரர் சிலர், பல ஆண்டுகளாகப் பலகை வைத்து அடைத்திருந்த புகைக்கூட்டைத் திறந்து அதன் கீழே அடுப்பு மூட்டினர். புகையோ கூட்டின் வழியே மேலே போகாமல் வீட்டினுள்ளேயே சுழன்றது. காரணம் யாது? சூடான வளி குளிர்ந்த வளியிலும் இலேசானது; அது மேலெழும்போது கீழிருந்து மேலும் வளியை இழுக்கின்றது. புகைக்கூடு உயரமாகவும் உள்ளே சூடாகவும் இருக்குமளவுக்கு அவ்விழுவை வலிமை பெறும். ஆனால், கூட்டின் நடுவிலே ஒரு வெடிப்பிருந்தால், வெளியிலுள்ள குளிர்ந்த வளி அதன் வழியே உள்ளே புகுந்து புகையைக் குளிர்வித்து இழுவையைக் குலைத்துவிடும். பப்பாசி இலைத்தண்டினால் இளநீர் உறிஞ்சும் சிறுவனுக்கு இது நன்கு தெரியும்: தண்டிலே ஒரு கீறல் விழுந்தால், எவ்வளவு உறிஞ்சினாலும் வாய்க்கு வருவது காற்றே. வெடிப்பைப் பூசி, உச்சியிலிருந்த காக்கைக் கூட்டையும் சருகையும் அகற்றிய பின்னர், அவ்வீடுகளிலே புகை ஒழுங்காக மேலே சென்றது. வெறுஞ் சீமெந்தினால் மட்டும் பூசினால், அடுப்பின் சூட்டிலே அது மீண்டும் வெடிக்கும். சுண்ணாம்புச் சாந்தே நெகிழ்ந்து கொடுக்கும் என்பது பழைய மேசன்மாரின் அனுபவம்.

இனிக் குளிர்நாட்டு வீட்டிற்குச் செல்வோம். அங்கே நிலத்திற்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. அதன் ஒரு மூலையில், பெரும்பாலும் எரிவாயுவினால் எரியும் சூடேற்றி நிற்கும். அதனுள்ளே ஒரு விசிறி. அவ்விசிறி வீட்டிலுள்ள வளியை ஒரு தொகுதிக் குழாய்களால் இழுக்கின்றது. வடிகட்டியினூடாகவும் சூடேற்றியினூடாகவும் செலுத்தி, இன்னொரு தொகுதிக் குழாய்களால் அறைகளுக்கு அனுப்புகின்றது. முன்னதை மீள்குழாய் என்றும் பின்னதை வழங்குகுழாய் என்றும் அழைப்போம். உடலிலே நாளமும் நாடியும் போல என்று கொள்ளலாம். வெளியிலிருந்து எடுப்பது சொற்பமே. வீட்டின் வளியே திரும்பத் திரும்பச் சுற்றுகின்றது.

இக்குழாய்கள் நாகம் பூசிய உருக்குத் தகட்டால் ஆனவை. ஒன்றை ஒன்றிற் செருகி, மடித்து, இரண்டொரு ஆணி முடுக்கிவிட்டுச் செல்வதே அக்காலத்து வழக்கம். மூட்டுகளுக்குப் பூச்சு எதுவும் இல்லை. அறுபது ஆண்டுகளாகச் சூடேறிச் சூடாறித் தகடு விரிந்து சுருங்கியதனால் மூட்டுகள் தளர்ந்துவிட்டன. வளைவுகளில் உள்ள சுழலும் மடிப்புகள், தளத்திலே கிராதி பொருந்தும் பெட்டியின் ஓரங்கள், சூடேற்றியோடு பெருங்குழாய் சேரும் இடம் ஆகியவையே கசிவு மிகுந்த இடங்கள். மீள்குழாய்களின் நிலை இன்னும் மோசம். பல பழைய வீடுகளில் அவை குழாய்களே அல்ல. மேற்தளத்தைத் தாங்கும் இரண்டு மரவளைகளுக்கு இடையிலுள்ள வெளியைக் கீழே ஒரு தகட்டால் மூடி, அதையே குழாயாகப் பயன்படுத்தியிருப்பர். மரத்திற்கும் தகட்டிற்கும் இடையிலே விரல் நுழையும் இடைவெளிகளைக் காணலாம்.

சாதாரண வீடொன்றில் குழாய்களினூடாகச் செல்லும் வளியில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை கசிவினால் வீணாகின்றது என்று அமெரிக்க அரசின் எனேர்ஜி ஸ்ரார் திட்டத்தினர் கூறுகின்றனர். இத்தொகையை எல்லா வீடுகளுக்கும் அப்படியே பொருத்துவது தவறு. குழாய்கள் கூரைக்கு அடியிலோ மோட்டார் வண்டிக் கொட்டகையிலோ சென்றால், கசிந்த சூடு வானத்துக்குப் போய்விடும். ஸ்காபரோவிற் பெரும்பாலும் அவை நிலவறையிற் செல்வதால், கசிந்த சூடு வீட்டிற்குள்ளேயே தங்குகின்றது. ஆனால் தங்க வேண்டிய இடத்தில் அன்று! நிலவறையிலே வாடகைக்கு இருப்பவர் தை மாதத்திலும் வியர்த்துச் சாளரத்தைத் திறந்து வைக்கின்றார். மேல்மாடியில் வீட்டுக்காரரின் பிள்ளை இரண்டு கம்பளிக்குள் நடுங்குகின்றது. வீட்டுக்காரர் சூட்டை மேலும் கூட்டுகின்றார். எரிவாயுக் கட்டணம் ஏறுகின்றது. பிறகு இருவருக்கும் மனத்தாங்கல். இதிற் குற்றவாளி வீட்டுக்காரரும் அல்லர், குடியிருப்பவரும் அல்லர்; அவர்கள் தலைக்கு மேலே உள்ள தகட்டு மூட்டுகளே. கீழே கருவாடு பொரித்தால் மேலே மணப்பதும் இதே மீள்குழாயின் கைவரிசை.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. சோதனையாளர் குழாய்களின் வாய்களை மூடி, விசிறியொன்றால் அமுக்கம் ஏற்றி அளப்பார். அளவு துல்லியமாகத் தேவையெனில் அதுவே முறை. வீட்டுக்காரருக்கு ஓர் ஊதுபத்தி போதும். சூடேற்றியின் விசிறியை ஓடவிட்டு, எரியும் ஊதுபத்தியை மூட்டுகளின் ஓரமாக மெல்ல நகர்த்த வேண்டும். வழங்குகுழாயிற் கசிவிருந்தால் புகை வெளியே தள்ளப்படும். மீள்குழாயிலாயின் உள்ளே இழுக்கப்படும். அவ்விடத்தில் வெண்கட்டியால் ஓர் அடையாளம். சுவாமியறைப் பொருள் நிலவறைக்கும் உதவுகின்றது.

அடைப்பது எதனால்? இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். சாம்பல் நிறத்துணி ஒட்டுநாடா ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதற்குக் குழாயின் பெயரையே வைத்திருக்கின்றனர். ஆனால் அது பிறந்தது குழாய்களுக்காக அன்று. 1943ஆம் ஆண்டில், இலினோய் மாநிலத்து வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றில் வேலைபார்த்த வெஸ்ரா ஸ்ரவுட் என்னும் பெண்மணி, வெடிமருந்துப் பெட்டிகளைக் கட்டிய காகித நாடா கிழிந்துவிடுவதால் போர்முனையில் வீரர்கள் பெட்டியைத் திறக்க முடியாது இடர்ப்படுவர் என்று சனாதிபதி ரூஸ்வெல்ற்றுக்கே கடிதம் எழுதினார். அவருடைய புதல்வர் இருவர் கடற்படையில் இருந்தனர். அதன் பயனாக வலிய துணி நாடா உருவாயிற்று. போரின் பின்னர் குழாய்களில் ஒட்டப்பட்டது. 1998ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள லோரன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடத்தினர் பலவகை அடைப்புப் பொருள்களைச் சூட்டிலும் குளிரிலும் மாறிமாறி வைத்துச் சோதித்தபோது, விரைவிலே பசை இழந்து கைவிட்டது இத்துணி நாடாவே. பெயரைக் கண்டு பொருளை நம்பலாகாது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டுமோ?

நம்பத்தக்கது மாஸ்ரிக் எனப்படும் கூழ்போன்ற பசை. தூரிகையால் பூசலாம். முதலில் கழன்ற மூட்டை நேராகச் செருகி, மூன்று திருகாணிகளால் இறுக்க வேண்டும். ஆடும் மூட்டின் மேலே எதைப் பூசினாலும் நில்லாது. தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட வேண்டும். கால் அங்குலத்திற்குட்பட்ட இடைவெளியாயின் பசை மாத்திரம் போதும். அதற்கு மேற்பட்டால் கண்ணாடியிழை வலையை முதலில் ஒட்டி, அதன் மேலே பசையை ஒரு நாணயத் தடிப்பிற்குப் பூசுவது முறை. உலர ஒரு நாளாவது விடுவது நல்லது. வடிகட்டியின் கதவு போன்று அடிக்கடி திறக்கும் இடங்களில் பசை பூசலாகாது; அங்கே வெப்பத்தைத் தாங்குமெனச் சான்றிதழ் பெற்ற அலுமினியத் தகட்டு நாடாவே ஏற்றது. சுவருக்குள்ளே மறைந்த, கைக்கு எட்டாத குழாய்களுக்கு வேறொரு முறையும் உண்டு: பசைத்துகள்களைப் பனிபோல் குழாய்க்குள் ஊதினால், வளி எங்கே வெளியேற முயல்கின்றதோ அங்கே அவை திரண்டு துவாரத்தை மூடிவிடும். செலவு அதிகம்.

இனி நான் சொல்வதைச் சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகின்றேன். ஏனெனில் இது பணத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. பழைய குழாய் மூட்டுகளில் வெண்மையான, காகிதம் போன்ற சுற்று ஒன்று ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டவோ கிழிக்கவோ கூடாது. அது அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். கனடா 2018ஆம் ஆண்டிற்றான் அப்பொருளைத் தடைசெய்தது. அதற்கு முன் கட்டிய பழைய வீடுகள் பலவற்றில் அது இன்னும் இருக்கக்கூடும். பயிற்சி பெற்றவரை அழைத்துச் சோதிப்பிக்க வேண்டும். அடுத்து, சூடேற்றியிலிருந்து எரிந்த புகையை வெளியே கொண்டுசெல்லும் குழாய் வேறு, காற்றுக்குழாய் வேறு. புகைக்குழாயில் வீட்டுக்காரர் கைவைக்கலாகாது.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. நிலவறையில் உள்ள வழங்குகுழாய்க் கசிவுகளை மட்டும் அடைத்துவிட்டு மீள்குழாய்க் கசிவுகளை விட்டுவிட்டால், விசிறி நிலவறையின் வளியை இழுத்துக்கொண்டேயிருக்கும். திரும்பி வருவது குறையும். அங்கே அமுக்கம் தாழும். அருகில் நிற்கும் வெந்நீர்க் கொதிகலத்தின் புகை, மேலே போவதற்குப் பதிலாக அறைக்குள்ளேயே இறங்கலாம். நம் குசினிப் புகைக்கூட்டில் நிகழ்ந்தது போலத்தான்; ஆனால் விறகுப் புகை கண்ணைக் கரித்து எச்சரிக்கும், காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே மீள்குழாயை முதலில் அடைப்பதே முறை. வேலை முடிந்தபின் புகைக்குழாயின் இழுவையை அறிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்கவும் வேண்டும். 2008ஆம் ஆண்டு மார்கழியில் ஒன்ராறியோ மாகாணத்து வூட்ஸ்ரொக் நகரிலே, எரிவாயுக் கணப்பின் வெளிப்போக்கி அடைபட்டிருந்தமையால் ஒரு குடும்பத்தின் நால்வரும் மாண்டனர். அவர்களுடைய பெயரால் 2013இல் அம்மாகாணம் இயற்றிய சட்டத்தின் பின்னரே, எரிபொருட் கருவியுள்ள வீடுகளிற் படுக்கும் இடங்களுக்கருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. நிலவறையில் உறங்குவோரும் மனிதரே; அங்கேயும் ஒன்று இருக்கிறதா என்று உங்கள் உறவினரைக் கேளுங்கள்.

தொலைபேசியிற் கூப்பிட்டு மலிவாகக் குழாய் சுத்தஞ் செய்கிறோம் என்போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் தங்கை வீட்டில் அப்படி ஒருவர் வந்து, பெரிய உறிஞ்சியால் ஒரு மணிநேரம் இரைச்சலிட்டுப் பணம் பெற்றுச் சென்றார். ஒரு கசிவும் அடைபடவில்லை. குழாயைத் துப்புரவாக்குவதால் வீட்டு வளியின் தரமோ சூடேற்றும் செலவோ பொதுவாக மாறுவதில்லை என்று கனடாவின் வீடமைப்புக் கூட்டுத்தாபனமே ஆராய்ந்து கூறியிருக்கின்றது. அப்பணத்தில் ஒரு வாளி மாஸ்ரிக்கும் ஒரு தூரிகையும் வாங்கியிருக்கலாம்.

நமது ஊருக்குத் திரும்புவோம். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் மின்கட்டணம் பெரிதும் ஏறிய பின்னர், வளிச்சீராக்கி பொருத்திய பழைய வீட்டினர் மேற்சுவர்த் துவாரங்களைப் பத்திரிகைத் தாளாலும் பலகையாலும் அடைக்கத் தொடங்கினர். குளிரூட்டிய வளி கூரைக்குள் ஓடுவதைத் தடுப்பது நியாயமே. எனினும் சுவரில் மாட்டும் சாதாரண வளிச்சீராக்கி வெளியிலிருந்து புதிய வளியைக் கொண்டுவருவதில்லை, அறையிலுள்ளதையே சுழற்றுகின்றது. ஐந்து பேர் படுக்கும் அறையை முற்றாக அடைத்தால், காலையில் எழும்போது தலை கனப்பதில் வியப்பில்லை. கடற்கரைக்கு அண்மையில் உள்ள நம் பகுதியில், அடைத்த சுவரில் ஈரம் தங்கிப் பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே தாளைத் திணிக்காமல், பிணைச்சல் வைத்த சிறு பலகைக் கதவுகளைத் துவாரங்களுக்கு அமைத்து, இரவிற் சாத்திக் காலையில் திறந்துவிடலாம்; ஒன்றை இரவிலும் சற்றே திறந்து வைக்கலாம். நுளம்புக்கு அஞ்சுவோர் துவாரத்தின் உட்புறம் கம்பிவலை அடித்துக்கொள்ளட்டும். குசினியிலும் குளியலறையிலும் உள்ள துவாரங்களை மட்டும் எக்காரணங் கொண்டும் அடைக்க வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் மின்பிறப்பாக்கியைச் சாளரத்தின் கீழே வைத்து ஓட்டும் வழக்கமுடையோர், அதை மதிலோரத்திற்குத் தள்ளி, புகைவாய் அயலவர் சாளரத்தையும் நோக்காதபடி திருப்பி வைக்க வேண்டும்.