பல் அளவும் கையுறைக் கந்தகமும்

பல்லுக்கு 'கேப்' போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தச் சில நிமிடங்கள் மறக்காது. மருத்துவர் இரண்டு டப்பாக்களிலிருந்து இரண்டு நிற மாவை டப்பாவுக்கொரு கரண்டியாக அள்ளி, விரல்நுனியால் விறுவிறுவென்று பிசைவார். நிறக்கீற்றுகள் மறைந்து ஒரே நிறமானதும் ட்ரேயில் அப்பி வாய்க்குள் வைத்து அழுத்துவார். "அசையாதீங்க, மூக்கால மூச்சு விடுங்க" என்பார். உள்ளே போனது மாவு. வெளியே வருவது பல்லின் அச்சு பதிந்த ரப்பர்.

சுவருக்குப் பூசுகிறோமே பட்டி, அந்தப் பெயர்தான் இந்த மாவுக்கும். ஆனால் இது சிலிகோன். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலிகள். ஒரு டப்பாவில் வினைல் முனையுள்ள சங்கிலிகளோடு துளியளவு பிளாட்டினம். மற்றதில் ஹைட்ரஜன் ஏந்திய சங்கிலிகள். இரண்டும் கலந்ததும் பிளாட்டினத்தின் தூண்டுதலால் சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வலையாகின்றன.

இந்த வேதியியலுக்கு ஓர் எதிரி உண்டு. அது மருத்துவரின் கையிலேயே இருக்கக்கூடும். லேடெக்ஸ் கையுறை தயாரிப்பில் கந்தகச் சேர்மங்கள் பயன்படுகின்றன. அவற்றின் மிச்சம் பட்டியில் பட்டால் பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்துவிடும். பட்டி இறுகாமல் பிசுபிசுவென்றே இருக்கும். முழுதும் இறுகாவிட்டால் நல்லது. தவறு உடனே தெரிந்துவிடும். லேடெக்ஸ் விரல் பல்லையும் ஈறையும் தொட்டுவிட்டு, அங்கே மட்டும் மேல்பரப்பு இறுகாமல் போவதுதான் ஆபத்து. கேப்பின் விளிம்பு உட்காரவேண்டிய இடமே அதுதான். அதனால்தான் பட்டி பிசைய வினைல் கையுறை போடச் சொல்கிறார்கள்.

இந்தச் சிலிகோன் பட்டிக்கு வர நெடுங்காலம் ஆனது. 1925இல் வியன்னாவில் அல்ஃபோன்ஸ் பொல்லர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார் கூழால் அச்செடுக்கும் வழியைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகார் வரத்து நின்றுபோக, பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டுக்கும் மூலமான பாசிகளை நம் மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்கள். பாசிக் கூழில் பெரும்பங்கு தண்ணீர்தான். காற்றில் வைத்தால் சுருங்கும், நீரில் போட்டால் ஊதும். எடுத்த கையோடு அச்சுக்குள் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றியாக வேண்டும்.

1950களில் ரப்பர் வகைகள் வந்தன. முதலில் வந்த பாலிசல்ஃபைடு நாறும், இறுக நேரமெடுக்கும். பிறகு வந்த கண்டன்சேஷன் சிலிகோனில் இறுகும்போதே ஆல்கஹால் பிறந்து ஆவியாகும். அதனால் அச்சு சுருங்கும். நம் பட்டியான இப்போதைய அடிஷன் சிலிகோனில் அப்படி எதுவும் பிறப்பதில்லை. ஒரு நாள் கழித்தும் சுருக்கம் பொதுவாக 0.2 சதவீதத்தைத் தாண்டாது. பட்டிக்கு மேல் விடும் நீர்த்த வகை 20 மைக்ரோமீட்டர் அகலக் கோட்டையும் பதிக்கும். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது.

அடிஷன் சிலிகோனின் குறை, அது தண்ணீரோடு ஒட்டாது. ஈறின் ஓரத்தில் சொட்டு ரத்தமோ எச்சிலோ இருந்தால் அங்கே பள்ளம் விழும். அதற்காகத்தான் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி, ஈறை விலக்கி, உலர்த்துகிறார்கள். பாலிஈத்தர் என்ற இன்னொரு ரப்பர் வகை ஈரத்தோடு ஒத்துப்போகும். ஆனால் விறைப்பு அதிகம். ஆடும் பல் இருப்பவருக்கு அதை வைக்கத் தயங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பொருளைவிட நேரம்தான் அச்சைக் காப்பது, கெடுப்பது. அறை சூடாக இருந்தால் பட்டி சீக்கிரம் இறுகும். ட்ரே வாய்க்குப் போகுமுன்னே இறுகத் தொடங்கினால் அளவு கோணும். முழுதும் இறுகுமுன் எடுத்தாலும் அதே கதி. எடுக்கும்போதும் ஆட்டி ஆட்டி மெதுவாக இழுக்கக் கூடாது. வெகுநேரம் இழுபட்டால் சங்கிலிகள் நழுவி இடம்மாறிவிடும்; ஒரே இழுப்பில் எடுத்தால் பழைய வடிவுக்குத் திரும்பும்.

இப்போது ஸ்கேனர் வைத்து அளவெடுக்கும் கிளினிக்குகள் கூடிவருகின்றன. ஆனாலும் பட்டி ஓய்ந்துவிடவில்லை. எந்த முறையில் அளவெடுத்தாலும், விளிம்பில் மயிரிழை இடைவெளி விட்ட கேப்புக்கு அடியில் பல் மறுபடி சொத்தையாகக்கூடும். ஆகவே, "இன்னொரு தடவை அளவு எடுத்துடலாம்" என்று மருத்துவர் சொன்னால் முகம் சுளிக்காமல் வாயைத் திறவுங்கள். அவர் எடுக்கும்வரை தாடையை அசைக்காதீர்கள்.