ஆட்ட விதிக்கு வேலி எதற்கு?

ஆக்லாந்தின் மேற்குப் புறநகரான ஏவன்டேலில் ரயில் ஏறினால், அதே பாதையில் சில நிலையங்கள் தள்ளி ஹென்டர்சன் வரும். உலகெங்கும் ஆடப்படும் ‘பாத் ஆஃப் எக்ஸைல்’ என்ற வீடியோ கேமை உருவாக்கிய கிரைண்டிங் கியர் கேம்ஸ் நிறுவனம் இருப்பது அங்கேதான். கிறிஸ் வில்சனும் நண்பர்களும் 2006இல் தொடங்கிய அந்த நிறுவனம், 2013 அக்டோபரில் கேமை முழுமையாக வெளியிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நியூசிலாந்து நாடாளுமன்றம் புதிய காப்புரிமைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. வெறும் கணினி நிரல் ஒரு கண்டுபிடிப்பு ஆகாது, அதற்குக் காப்புரிமை கிடையாது என்கிறது அதன் 11ஆம் பிரிவு. இரண்டும் தனித்தனியே நடந்தவைதான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. கேமில் ஒரு பாத்திரம் எப்படி நகர வேண்டும், எப்படி வளர வேண்டும் என்ற விதிகளை ஒரு நிறுவனம் தனக்கே சொந்தமாக்கிக்கொள்ளலாமா? கருவிக்கு உரிமை தரலாம், ஆட்ட விதிக்குத் தரக்கூடாது என்பதே என் கருத்து.

‘பாத் ஆஃப் எக்ஸைல்’ எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பாத்திரத்தின் திறன்களெல்லாம் 1,300க்கும் மேற்பட்ட கணுக்கள் கொண்ட ஒரே வலைப்பின்னலில் விரிந்து கிடக்கின்றன. போர்வீரன், வில்லாளி, சூனியக்காரி என்று யாரைத் தேர்ந்தெடுத்தாலும் வலை ஒன்றுதான், புறப்படும் இடம் மட்டும் வேறு. நிலை உயர உயரப் புள்ளிகள் சேரும்; அவற்றைச் செலவழித்து ஆடுபவர் தன் பாதையைத் தானே போட்டுக்கொள்கிறார். தாக்கும் வித்தைகளோ ரத்தினக் கற்களாக வருகின்றன. கவசத்தில் உள்ள குழியில் தீப்பந்துக் கல்லைப் பதித்து, அதோடு இணைந்த குழியில் துணைக்கல் ஒன்றை வைத்தால், ஒரு தீப்பந்து பலவாகப் பிரிந்து பாயும். ஒரே பாத்திரத்தை எடுத்த இருவர் முற்றிலும் வேறான இரு வீரர்களை உருவாக்க முடிவது இதனால்தான். ஆனால் இதன் வேர்களைப் பழைய கேம்களில் பார்க்கலாம். எல்லாப் பாத்திரங்களும் ஒரே கட்டத்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்படும் முறை 2001இல் வந்த ‘ஃபைனல் ஃபேன்டஸி 10’இல் இருந்தது. ஆயுதக் குழிகளில் மாயக்கற்களை இணைத்துப் பதிக்கும் முறை 1997இன் ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’இலேயே இருந்தது. அந்த விதிகளை யாராவது பூட்டி வைத்து மற்றவர்களை விரட்டியிருந்தால், ஹென்டர்சனில் ஒரு சின்னக் குழு இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்டியிருக்க முடியுமா?

இதனால் காப்புரிமையே வேண்டாம் என்று ஆகிவிடாது. நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் வடிவமைத்த சிலுவை வடிவப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் கையடக்க ‘டாங்கி காங்’ கருவியில் வந்தது அது. நான்கு திசைக்கும் ஒரே துண்டு. நடுவில் ஒரு தாங்குமுனை. அடியில் நான்கு மின்தொடுமுனைகள். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும்பிவிடும் என்பதால் இடமும் வலமும் ஒன்றாக அழுந்தாது. கட்டைவிரல் பார்க்காமலே திசை அறிகிறது. 1987இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது நியாயமே, ஏனென்றால் பிறருக்கு வேறு வழி அடைபடவில்லை. சேகா நிறுவனம் வட்டத் தட்டு வைத்தது. சோனி நான்கு தனிப் பொத்தான்களாகத் தெரியும்படி செய்தது. நியூசிலாந்துச் சட்டமும் இதே கோட்டைத்தான் கிழிக்கிறது. குறைந்த மின்சாரத்தில் துணியை இன்னும் சுத்தமாகத் துவைக்கும்படி வாஷிங் மெஷினை இயக்கும் புது முறை கண்டுபிடிப்பாகலாம். சட்ட ஆவணங்களைத் தானாக நிரப்பும் நிரல் ஆகாது. இந்த இரண்டு உதாரணங்களும் சட்டத்திலேயே இருக்கின்றன.

விதிக்கு உரிமை கொடுத்தால் நடப்பது வேறு. 2014இல் வந்த ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமில், உங்களைத் தோற்கடித்த எதிரி பதவி உயர்ந்து, உங்களை நினைவில் வைத்துத் திரும்பி வருவான். ‘நெமசிஸ்’ எனப்படும் அந்த முறைக்கு வார்னர் பிரதர்ஸ் 2021இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. அது 2036 வரை நீடிக்கும். ஆனால் 2017இன் தொடர்ச்சிக்குப் பிறகு அந்த நிறுவனமே அதை வைத்து இன்னொரு கேம் வெளியிடவில்லை. அதை உருவாக்கிய மோனோலித் ஸ்டூடியோவையும் 2025இல் மூடிவிட்டது. தானும் உழவில்லை, பிறரையும் உழ விடவில்லை. ஜப்பானில் இன்னொரு உதாரணம். உயிரினங்களைப் பிடித்துப் பழக்கும் ‘பால்வேர்ல்ட்’ 2024 ஜனவரியில் வந்தது. உருண்டை வீசிப் பிடிப்பது, உயிரினத்தின் மேல் ஏறிச் செல்வது போன்றவை பற்றிய மூன்று காப்புரிமைகளைக் காட்டி, நிண்டெண்டோவும் போக்கிமான் நிறுவனமும் அந்த ஆண்டு செப்டம்பரில் வழக்குத் தொடுத்தன. மூன்றும் 2021 விண்ணப்பத்திலிருந்து கிளைத்தவை. ஆனால் கிளை விண்ணப்பங்கள் ‘பால்வேர்ல்ட்’ வெளியான பிறகு போடப்பட்டவை. தீர்ப்புக்குக் காத்திராமலே, உருண்டை வீசி உயிரினத்தை வரவழைக்கும் அசைவை ‘பால்வேர்ல்ட்’ நீக்கிவிட்டது. உயிரினம் இப்போது பக்கத்தில் தோன்றி நிற்கிறது.

உரிமை இல்லையென்றால் யார் பணமும் உழைப்பும் போடுவார்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நிரல் வரிகள், ஓவியம், இசை, கதை எல்லாவற்றுக்கும் பதிப்புரிமை உண்டு. பெயருக்கு வணிகக்குறி உண்டு. அப்படியே நகலெடுப்பவரைத் தடுக்க அவை போதும். கிரைண்டிங் கியரின் பெரும்பான்மைப் பங்கைச் சீனாவின் டென்சென்ட் 2018இல் விலை கொடுத்து வாங்கியது. ஒரு விதியைத் தெரிந்துகொள்ள அவ்வளவு பணம் தேவையில்லை. விதி கேமிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அந்த விதிகளை உயிருள்ள ஆட்டமாக்கும் குழுவுக்குத்தான் விலை. காப்புரிமை ரகசியத்தை வெளியே கொண்டுவருகிறது, அதனால் சமூகத்துக்கு லாபம் என்றும் ஒரு வாதம் உண்டு. தொழிற்சாலைக்குள் மறைந்திருக்கும் வேதிமுறைக்கு அது பொருந்தும். ஆட்ட விதி வெளியான அன்றே ஆடுபவருக்குத் தெரிந்துவிடுகிறது; இருபது ஆண்டு உரிமை கொடுத்துப் பெற வேண்டிய ரகசியம் அங்கே ஏதுமில்லை.

நியூசிலாந்து தாராளமாக இருந்து என்ன பயன், கேம் விற்பது அமெரிக்காவிலும் ஜப்பானிலும்தானே என்பது வலுவான மறுப்பு. அங்கே விற்கும்போது அந்தந்த நாட்டுச் சட்டம் பாயும் என்பது உண்மை. ஆகவே ஒரு நாடு மட்டும் சரியாக இருந்தால் போதாது. சரியாக இருக்கும் நாடுகள் கூட வேண்டும். இந்தியா ஏற்கெனவே அந்தப் பக்கம் நிற்கிறது. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு, ஆட்டம் ஆடும் முறை கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 3(கே) பிரிவு வெறும் கணினி நிரலை விலக்குகிறது. தொழில்நுட்பப் பங்களிப்பு உள்ள நிரல்களுக்குக் கதவு மூடவில்லை என்று ஃபெரித் அலானி வழக்கில் 2019இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னதும் சரியே. மாற்றுத்திறனாளிகள் எளிதாக ஆட உதவும் புதுக் கருவிக்கு அந்தக் கதவு திறந்திருக்கட்டும். ஆனால் அதே கதவு வழியாக ஆட்ட விதிகளும் தொழில்நுட்பம் என்ற வேடத்தில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடுபுலி ஆட்டத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு வகை உண்டானது, யாரும் அதற்கு வேலி போடாததால்தான். ஏவன்டேலிலோ கோயம்புத்தூரிலோ தன் முதல் கேமை எழுதும் இளைஞர், ஒரு பாத்திரத்தைத் தாவ வைக்கும் முன் வக்கீலைத் தேட வேண்டிய நிலை வரக்கூடாது. 3(எம்) பிரிவைத் தளர்த்தச் சொல்லி எந்தக் கோரிக்கை வந்தாலும் நம் அரசு மறுக்க வேண்டும்.