குடும்பம் பிரிந்தால் பாக்கி யார் பேரில்?

சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணே, எட்டு வருஷமா மாசச் சாமான் எடுக்கிற வீடு. இப்ப புருஷன் பெண்டாட்டி பிரிஞ்சு கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. பாக்கி பதினாலாயிரம் நிக்குது. அவரைக் கேட்டா, சாமான் வாங்கினவங்களைக் கேளுங்கறார். அந்தம்மாவைக் கேட்டா, நோட்டுல யார் பேரு இருக்கோ அவரைக் கேளுங்கங்கறாங்க. நான் யாரைக் கேக்கறது?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் பணம் கொடுத்துப் பாடம் படித்தவன். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணவன் மனைவி என்ற உறவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் வாங்கிய கடனை மற்றவரிடம் கேட்க நம் சட்டத்தில் இடமில்லை. வீட்டுச் சாமானுக்குக் கணவன் பணம் கட்டுகிறார் என்றால், மனைவி அவருக்காக, அவர் சம்மதத்தோடு வாங்கினார் என்பதே காரணம். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை ஏஜென்சி என்ற கணக்கில் சேர்க்கிறது. சம்மதத்தை வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. எட்டு வருஷமாக அம்மா சாமான் எடுக்கிறார், ஐயா மாதா மாதம் பணம் கட்டுகிறார் என்றால் அந்த வழக்கமே சம்மதம்தான். ஆகவே சேர்ந்து வாழ்ந்த காலத்துப் பாக்கியை நண்பர் அந்தக் கணவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

பிரிந்த பிறகு வாங்கிய சாமான்தான் சிக்கல். சென்னை உயர்நீதிமன்றம் ஆரம்பித்த மறுவருஷமே, 1863-ல், வீராசாமி செட்டி - அப்பாசாமி செட்டி என்ற வழக்கு அங்கே வந்தது. தக்க காரணமின்றித் தானாகப் பிரிந்து வாழும் மனைவி, தன் ஜீவனத்துக்காகக்கூடக் கணவன் பேரில் கடன் வாங்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. கணவன் கைவிட்டதாலோ கொடுமையாலோ பிரிந்திருந்தால் அத்தியாவசியச் சாமானுக்கு அவர் பொறுப்பாகலாம் என்று சட்டப் புத்தகங்கள் சொல்கின்றன. ஆனால் யார் மேல் தப்பு என்று நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும். அரிசி பருப்பு விற்றவன் அடுத்த வீட்டுச் சண்டைக்குச் சாட்சி தேடிக்கொண்டு திரிய முடியுமா? இங்கிலாந்தில் 1880-ல் துணிக்கடைக்காரர் ஒருவர் இப்படித்தான் தோற்றார். மனைவிக்குத் தனியே செலவுப் பணம் கொடுத்துவிட்டேன், என் பேரில் கடன் வாங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன் என்றார் கணவர். கடைக்காரருக்கு அது தெரியாது. இருந்தும் கணவர் பொறுப்பில்லை என்றே தீர்ப்பு. முன்பு அவர் அந்தக் கடைக்குப் பணம் கட்டிய வழக்கமே இல்லாததுதான் காரணம்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். விழுப்புரத்தில் எனக்கு மொத்த வியாபாரம். திண்டிவனத்தில் ஒரு சில்லறைக் கடைக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. கடை, ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் மனைவி பேரில். கடையைப் பார்த்துக்கொண்டவர் கணவர். நம்மில் பாதிப் பேர் கடை இப்படித்தானே நடக்கிறது! அவரே வந்து மிளகாய், பருப்பு, எண்ணெய் எடுப்பார், பில்லில் கையெழுத்துப் போடுவார், பணம் கடைக் கணக்கிலிருந்து வரும். 2021-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று லாரி டிரைவர் சொன்னார். பழகிய மனிதரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் வழக்கம்போல் வந்து சரக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து அந்தம்மாவிடமிருந்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. இனி தன் கையெழுத்து இல்லாமல் கடை பேரில் சரக்கு தர வேண்டாம் என்று எழுதியிருந்தார். என் கணக்குப்பிள்ளை அதை வாங்கி மேஜை அறையில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த வாரம் கணவர் இன்னும் ஒரு லோடு ஏற்றிவிட்டார். மொத்தப் பாக்கி 1,86,000 ரூபாய். அதில் கடிதத்துக்குப் பின் போனது 41,000.

வக்கீல் ஒப்பந்தச் சட்டத்தின் 187-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். அதில் உதாரணமாக வருவதே நம் கதைதான். கல்கத்தாவில் இருப்பவருக்குச் சிராம்பூரில் கடை, அதை நடத்துபவர் வேறொருவர். அவர் உரிமையாளர் பேரில் சரக்கு எடுக்கிறார், உரிமையாளருக்குத் தெரிந்தே அவர் பணத்திலிருந்து கட்டுகிறார். அப்படியானால் சரக்கு எடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இதன்படி 1,45,000 ரூபாய்க்கு அந்தம்மா பொறுப்பு. ஆனால் 208-ஆம் பிரிவுப்படி, அதிகாரத்தை ரத்து செய்தது நமக்குத் தெரியவந்த நேரத்திலிருந்து அது முடிந்தது. கடிதம் என் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிரித்துப் பார்க்காதது என் குற்றம். 41,000-ஐக் கணவரிடம்தான் கேட்க வேண்டும்.

கணவர் அந்த 41,000-க்குத் தன் சொந்தக் கணக்கில் செக் கொடுத்தார். திரும்பி வந்தது. செக் வழக்கில் மனைவியையும் சேர்க்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். கூடாது. கூட்டுக் கணக்காக இருந்தாலும் கையெழுத்துப் போட்டவர் மேல்தான் வழக்கு நிற்கும் என்று உச்சநீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. 2021-ல் கணவன் மனைவி இருவருக்கும் வேலை பார்த்த ஒரு வக்கீலின் பில் விஷயத்திலேயே, செக் கொடுத்தவர் கணவர் என்பதால் மனைவி மேலிருந்த வழக்கை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் அவகாசம், அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திண்டாடுபவர்கள் நம்மில் நிறைய.

குடும்ப நீதிமன்றம் நம் பாக்கியையும் பைசல் செய்யும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. அங்கே நடப்பது அவர்கள் வழக்கு, ஜீவனாம்சம் அவர்கள் விஷயம். நம் கடனுக்கு வழி சிவில் கோர்ட்டுதான், அதுவும் பொதுவாக மூன்று வருஷத்துக்குள். "வழக்கு முடியட்டும், தந்துவிடுகிறேன்" என்று வாயால் சொன்னால் கெடு நீளாது. கெடு முடியுமுன் தேதி போட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்க வேண்டும். யார் கடனோ அவர் கையெழுத்து. பிரிந்து போன மனைவி போட்ட கையெழுத்தைக் கணவரிடம் காட்டிப் பயனில்லை. பேரேட்டில் எழுதியிருப்பது மட்டும் போதாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பழைய சாட்சியச் சட்டம் அப்படிச் சொன்னது, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அதையே சொல்கிறது. சரக்கு வாங்கியவர் கையெழுத்திட்ட பில் வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதனால் பில் கேட்டு நம்மிடம் வருவார்கள். உள்ள பில்லுக்கு நகல் கொடுங்கள், தப்பில்லை. இந்தக் கணவரும் என்னிடம் வந்து, "முதலாளி, பாக்கி நாலு லட்சம்னு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்க, கோர்ட்டுல காட்டணும்" என்றார். கடன் அதிகம் என்று காட்டினால் ஜீவனாம்சம் குறையுமாம். அப்படி ஒரு சீட்டு எழுதினால் பொய்ச் சாட்சியம் உண்டாக்கிய குற்றம் எழுதியவன் மேலும் வரும். அந்தம்மாவின் இரண்டு பெண் குழந்தைகளுக்குப் போக வேண்டிய காசு அது. முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

மளிகைக் கடை நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பழைய பக்கத்தை அடித்துக் கூட்டி, இந்தத் தேதி வரை இவ்வளவு என்று கணவரிடம் கையெழுத்து வாங்கும். அந்தம்மா இனி எடுப்பதற்கு அவர் பேரிலேயே புதுப் பக்கம் திறவும். அவரால் கட்ட முடிகிற அளவுக்குச் சிறு கணக்காக இருக்கட்டும். பழைய பாக்கிக்காகக் குழந்தைகளுக்குப் போகும் அரிசியை நிறுத்த வேண்டாம். கணவருக்குக் கொடுத்த கடனுக்கு அந்தம்மா பிணை அல்ல.

திண்டிவனத்து அம்மா இப்போது கடையைத் தாமே நடத்துகிறார். 1,45,000-க்கு ஒப்புதல் எழுதிக் கொடுத்து, மாதம் ஐயாயிரமாக 29 மாதத்தில் முடித்தார். கடைசித் தவணையை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். "ஐயா, அந்தக் கடிதத்தை அன்னிக்கே பிரிச்சிருந்தா உங்களுக்கும் நஷ்டம் வந்திருக்காதே" என்றார். கணவர் நோட்டீசுக்குப் பிறகு 25,000 கட்டினார். மீதி 16,000 பேரேட்டில் நிற்கிறது.