கப்பலேறிய மரங்கள் – 14: நாணலூரில் கடைசி மூன்று நாள்

மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்தில் வந்து இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். மணிலாவுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல் ஓடியது, தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம், அந்தக் கப்பலில் இங்கே கொண்டுவரப்பட்ட கத்தரீனா என்ற இந்தியப் பெண்ணின் கதை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் இங்கிருந்து கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஒரு சொல் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

சான் தியேகோ கோட்டை மேட்டில் நின்று வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கொள்ளையரிடமிருந்து மணிலாச் சரக்கைக் காக்கக் கட்டிய ஐங்கோணக் கோட்டை அது. 1776 நிலநடுக்கத்தில் பழையது சிதைந்ததால் மறுபடி எழுப்பியது. உடன் வந்த உள்ளூர்ப் பெரியவரிடம் ஊர்ப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். இந்த மண்ணின் பழைய மொழியான நவாத்திலில் ‘ஆகத்’ என்றால் நாணல், ‘பொல்’ என்றால் பெரியது, ‘கோ’ என்றால் இடம் என்று விரல்விட்டுச் சொன்னார். பெருநாணல் வளர்ந்த இடம். நாணல் அழிந்த இடம் என்று வேறு விதமாகப் பிரிப்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் நாணல் போகாது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பிறந்தது சித்தூர்ப் பக்கத்து வெதுருகுப்பம். தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். நம் சங்கத் தமிழிலும் மூங்கிலுக்கு ‘வெதிர்’ என்றொரு பெயர் உண்டு. மூங்கிலும் நாணலும் ஒரே புல் குடும்பம், இரண்டுக்கும் கணு உண்டு, இரண்டும் காற்றில் பேசும். மூங்கில்குப்பத்துக்காரன் பாதி உலகம் சுற்றி நாணலூருக்கு வந்து நிற்கிறேன்! அன்றிரவு தூக்கமே வரவில்லை. நவாத்தில்காரர்களின் நாள்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இருபது நாள் குறிகளில் பதின்மூன்றாவது நாணல். ஆண்டுகளுக்கும் அந்தப் பெயர் வரும். ஸ்பானியத் தளபதி கோர்தேஸ் மெக்சிகோ கரையில் இறங்கிய 1519, அவர்கள் கணக்கில் ‘ஒரு நாணல்’ ஆண்டு. நமக்குப் பிரபவ, விபவ போல அவர்களுக்கு நாணல்.

மறுநாள் சந்தை. தக்காளிக்கும் மிளகாய்க்கும் நடுவே ஒரு கூடையில் சுருண்டு சிவந்த காய்கள் குவிந்திருந்தன. கிட்டே போனதும் கால் நின்றுவிட்டது. கொடுக்காப்புளி! விற்ற அம்மா ஒரு காயைப் பிளந்து வெள்ளைச் சதையைக் கையில் வைத்து, “குவாமூச்சில்” என்றார். வாயில் போட்டேன். அதே இனிப்பு, அதே துவர்ப்பு, கடைசியில் தொண்டையில் அதே பிடிப்பு.

விடுதிக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன். இங்கே இரவு எட்டு, அங்கே மறுநாள் காலை ஏழரை. படத்தை அனுப்பியதும், “இது நம்ம கோணப்புளியங்கா இல்லடா? ரோட்டோரம் சீமச்சிந்த மரத்துல ஏறி முள்ளு குத்திக்கிட்டு வருவியே” என்றாள். பள்ளி நாளில் அந்தக் கொட்டையின் கறுப்புத் தோலை, உள்ளே இருக்கும் பழுப்புத் தோல் கிழியாமல் நகத்தால் உரித்துவிட்டால் பரீட்சையில் பாஸ் என்று நாங்கள் நம்பினோம். அக்காவுக்கு அது கைவந்த கலை. எனக்காகவும் அவள்தான் உரித்துத் தருவாள்.

இந்த மரத்தின் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை ஒட்டிய அமெரிக்க நாடுகளும்தான். குவாமூச்சில் என்பது ‘குவவ்மோச்சித்’ என்ற நவாத்தில் சொல்லின் ஸ்பானிய வடிவம். இதே கடலைத் தாண்டி மணிலா போய், அங்கிருந்து ஆசியாவெங்கும் பரவியது. அதனால் ஆங்கிலத்தில் அதற்கு மணிலாப் புளி என்று பெயர். தெலுங்கில் சீமைப்புளி.

இன்னும் ஒன்று கேளுங்கள். தாவரவியல் உலகம் இந்த மெக்சிகோ மரத்துக்குச் சூட்டிய பெயர் நம் சோழமண்டலக் கரையில் பிறந்தது. ஆந்திரக் கரையில் சாமல்கோட்டையில் இருந்து செடிகொடிகளை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தன் நூலில் 1798இல் இதற்கு ‘மிமோசா துல்சிஸ்’ என்று பெயரிட்டார். துல்சிஸ் என்றால் இனிப்பு. பின்னாளில் ஜார்ஜ் பெந்தம் அதை ‘பித்தெசெல்லோபியம்’ பேரினத்துக்கு மாற்றினார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குக் குரங்கின் காதணி என்று பொருள். சுருண்ட காயைக் காதில் மாட்டித் திரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பெயர் மாறியும் இனிப்பு மட்டும் ‘துல்சே’ என்று ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

கடைசி நாள் கடற்கரைச் சாலையில் நடந்தேன். 2023 அக்டோபர் 25 அன்று ஓட்டிஸ் புயல் இங்கே கரை ஏறியது. சாதாரணப் புயலாக இருந்தது ஒரு நாளுக்குள் ஐந்தாம் வகைச் சூறாவளியாக மாறி, மக்கள் சுதாரிப்பதற்குள் நகரத்தை உடைத்தது. அதன் தழும்புகள் கட்டடங்களில் இன்னும் தெரிகின்றன. ஒரு சந்தில் பாதியில் முறிந்த குவாமூச்சில் மரம் ஒன்று அடிமரத்திலிருந்து கிளை விட்டிருந்தது. எங்கள் ஊரில் வேலிக்காக வெட்டவெட்டத் துளிர்க்கும் அதே பிடிவாதம். தொட்டுப் பார்த்தேன், முள் குத்தியது.

மூன்று நாளும் மனதில் ஓடியது ஒன்றுதான். பயணம் போனவருக்குப் பிறந்த ஊரின் பெயர் நிற்பதில்லை, கடைசியாகக் கப்பலேறிய துறைமுகத்தின் பெயர்தான் ஒட்டிக்கொள்கிறது. பிறந்தது மெக்சிகோ, பெயர் மணிலாப் புளி. மாமரம் போன கதையும் அப்படியே: நம் மண்ணின் மா, மணிலா வழியாக இங்கே இறங்கியதால் மெக்சிகோவில் ஒரு வகை மாம்பழத்துக்கு ‘மணிலா’ என்றே பெயர்.

மனிதர்களுக்கும் இதேதான் நடந்தது. 17ஆம் நூற்றாண்டில் மணிலாக் கப்பலிலிருந்து இந்தத் துறையில் இறங்கிய ஆசியர்கள் எல்லோரையும், எந்த நாட்டவரானாலும், ‘சீனோ’, சீனர் என்றே எழுதிவைத்தார்கள். இந்தியாவில் பிறந்து, கடத்தப்பட்டு, அடிமையாக விற்கப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட ஒரு சிறுமியும் அப்படித்தான் ‘சீனா’ ஆனாள். அவள்தான் கத்தரீனா. 1688இல் பூவெப்லா நகரத்தில் அவள் இறந்தபோது ஊரே திரண்டு வந்தது.

பை கட்டியாகிவிட்டது. ஊருக்கு விமானம் ஏறுமுன் ஒரு பகல் மிச்சம் இருக்கிறது. அதைப் பூவெப்லாவுக்குக் கொடுக்கிறேன். அவள் கல்லறை இருக்கும் கோவிலிலிருந்து அடுத்த வாரம் எழுதுகிறேன். அக்காவுக்காக ஒரு பிடி கொட்டை எடுத்துப் போகலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவள் வாசலிலேயே மரம் நிற்கிறது.

(தொடரும்)