மூளை ஏன் வீங்குகிறது?

கணுக்கால் சுளுக்கினால் வீங்கும். தோல் விரிந்து இடம் கொடுக்கும். மண்டையோடு விரியாது. மூளை வீக்கம் உயிருக்கே ஆபத்தாவது அதனால்தான்.

பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைபட்டதும், செல்லுக்குள் நுழையும் சோடியத்தை வெளியே இறைக்கும் பம்புகள் சில நிமிடங்களிலேயே ஓய்ந்துவிடும். உள்ளே உப்பு சேர்ந்தால் தண்ணீரும் பின்னாலேயே வரும். செல் ஊதும்.

அடுத்தது மெதுவாக நடக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும் செல்களின் பிணைப்பு மணிக்கணக்கில் தளர்ந்து, ரத்தத்திலுள்ள நீரும் புரதமும் மூளைக்குள் கசியும். தலையில் அடிபட்டாலும் இவை இரண்டும் நேரும். பக்கவாதத்தில் வீக்கம் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்களில் உச்சத்தைத் தொடும். “நேத்து நல்லாத்தானே பேசினார்” என்று உறவினர்கள் கலங்குவது இதனால்தான். அந்தக் கேள்விக்கு முதல் நாளே பதில் சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை என்பேன்.

அழுத்தம் ஏறினால் நல்ல ரத்தக்குழாய்களும் நசுங்கும், ரத்தம் குறையும், வீக்கம் இன்னும் கூடும். டார்ச் அடித்தும் ஒரு கண்ணின் பாப்பா சுருங்காமல் விரிந்தே நின்றால், இடம்பெயர்ந்த மூளை கண் நரம்பை அழுத்தத் தொடங்கியிருக்கலாம். மானிட்டால் மருந்து நீரை ரத்தத்துக்குள் இழுக்கும். அதுவும் போதாதபோது, மண்டையோட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 12 செ.மீ. அகலத்துக்கு எலும்பை எடுத்துவிடுவார்கள். வீக்கம் வடிந்த பின், அந்த இடத்தை மீண்டும் மூடுவார்கள்.