மன்னார் எரிவாயுவில் ஹீலியம் உண்டா? நாம் கேட்கவேண்டிய கேள்வி

சுன்னாகத்தில் பிறந்தநாள் வீடுகளில் மிதக்கும் பலூன்களுக்குள் அடைக்கும் ஹீலியத்துக்குப் பெரிய வேலை வேறு இருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் இயந்திரத்தின் காந்தத்தைக் குளிர்விப்பது திரவ ஹீலியம். அதன் கொதிநிலை மறை 269 பாகை செல்சியஸ். (ஷெல் துண்டு உடம்பில் தங்கியிருப்பவர்கள் இந்த ஸ்கானுக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.)

ஹீலியத்தை நிலத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். பாறைகளில் உள்ள யுரேனியமும் தோரியமும் மெல்ல மெல்லச் சிதையும்போது அது உருவாகிறது. இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆனந்த குமாரசுவாமி இங்கே கனிம ஆய்வுக்குத் தலைமை வகித்த காலத்தில், பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கறுப்புக் கனிமம் 1904 இல் தோரியனைற் என்ற புதிய கனிமமாக அறியப்பட்டது. அதைச் சூடாக்கி விஞ்ஞானி ராம்சே ஹீலியம் பிரித்தெடுத்தார்.

ஆனால் தேவையான அளவு ஹீலியத்தைக் கல்லிலிருந்து எடுத்துக் கட்டுபடியாகாது. மேலெழும் ஹீலியத்தை இறுக்கமான பாறை தடுக்கும் இடங்களில் அது இயற்கை எரிவாயுவுடன் சேர்ந்து தங்குகிறது. அமெரிக்காவும் கத்தாரும் அப்படித்தான் எடுக்கின்றன. வாயுவைக் கடுமையாகக் குளிர்விக்கும்போது மற்றவை திரவமாகிவிடும். ஹீலியம் மட்டும் வாயுவாகவே எஞ்சும்.

கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் குத்தாலத்தில், ஓ.என்.ஜி.சி. எரிவாயுவிலிருந்து ஹீலியம் பிரிக்கும் சோதனை ஆலையை இந்திய அணுசக்தித் துறை அமைத்தது. அந்த எரிவாயுவில் ஹீலியம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற வாயுக்களை அழுத்தத்தில் உறிஞ்சிக்கொள்ளும் பொருட்களின் ஊடாக அனுப்பி அதைப் பிரித்தார்கள்.

2011 இல் மன்னார்க் கடலில் துளையிட்ட இரண்டு இடங்களில் எரிவாயு கண்டறியப்பட்டது. ஆகவே அந்த எரிவாயு பற்றிய ஒப்பந்தம் எப்போது பேசப்பட்டாலும் மூன்று கேள்விகள் மேசையில் இருக்கவேண்டும். அதில் ஹீலியம் எவ்வளவு? அதன் வருமானம் யாருக்கு? கரையோர மீனவருக்கும் நீருக்கும் பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு?

மூன்றாவது கேள்வியைச் சுன்னாகத்திலிருந்து எழுதும் நான் விடமாட்டேன். எங்கள் சுண்ணாம்புக்கல் துளைகள் நிறைந்தது. மேலே ஊற்றியது கீழே நன்னீரில் கலக்கும். மின் உற்பத்தியின் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதற்குள் சனம் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்று பல வருடமாகியிருந்தது. மன்னாரில் கேள்வி முதலில் வரவேண்டும், வழக்கு பிறகு அல்ல.